ஏனோக்கின் இரண்டாவது மனைவி எங்கே?

கல்லறைத் திருநாள். கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்த வெந்நீர் வழியிலேயே ஆறிப்போயிருந்தது. நவம்பர் காற்று ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து முழங்கை வரைக்கும் வந்தது. ஸ்பாஞ்சை நனைத்து முதலில் ரீட்டா அக்காவின் பெயரைத் துடைத்தேன். பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, இறந்த வருடம். பிறகு பக்கத்தில் இருந்த பெயரைத் துடைத்தேன். பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல்.

அந்த இரண்டாவது பெயர் என் வீட்டுக்காரருடையது. ஜெரால்டு. அவர் எனக்குப் பின்னால் நின்று பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் கணவன் மனைவியில் ஒருவர் போய்விட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்லாக வைத்துவிடுவது உண்டு. இருப்பவருக்குப் பிறந்த வருடத்தை மட்டும் வெட்டி வைப்பார்கள். மீதியைப் பிறகு வந்து வெட்டிக்கொள்ளலாம். ரீட்டா அக்கா அவருடைய முதல் மனைவி. நான் இரண்டாவது. கல் வைக்கும்போது நான் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

வந்த நாளிலிருந்து இந்தக் கல்லை நான்தான் கழுவுகிறேன். இன்னொருத்தி பக்கத்தில் என் புருஷன் பெயரை நானே பளபளவென்று துடைத்து வைக்கிறேன்.

"ஈனோக்கோட ஸ்டோன் இதுல பாதி சைஸ்தான்," என்றார் பின்னாலிருந்து. "ஆனா லெட்டரிங் என்ன அழகு தெரியுமா. மேல ஒரு வில்லோ மரம். கீழ ஈனோக், அவன் மனைவி மார்கரெட்."

"அவனுக்கு ரெண்டாவது ஒருத்தி உண்டும்னு சொன்னியளே. அவ எங்க?"

"ஹானாவா? அங்க இல்ல."

"பின்ன எங்க?"

"தெரியல பிரகாசி. நான் ஈனோக்கப் பத்தித்தான எழுதுறேன்."

ஸ்பாஞ்ச் என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

யார் இந்த ஏனோக்கு

நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீடு இருக்கும் இடம் ஒரு காலத்தில் உருளைக்கிழங்குக் காடு. அது எங்களுக்கு வெகு நாள் தெரியாது. இவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடம், கொல்லையில் தக்காளிக்குப் பாத்தி வெட்டும்போது மண்வெட்டியில் ஒரு குதிரை லாடம் மாட்டியது. துருப்பிடித்து, பாதி தேய்ந்து. குப்பையில் போடுங்கள், காலில் குத்தினால் ஊசி போட வேண்டும் என்று நான் கத்தினேன். இவர் அதைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பெரியவர்கள் இந்த நிலம் யாருடையது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவன்தான் ஏனோக்கு. இன்னும் போகவில்லை.

இவர் ஈனோக் என்பார், அமெரிக்கர்கள் சொல்கிற மாதிரி. நான் நம் பைபிளில் இருக்கிற மாதிரி ஏனோக்கு என்பேன். அவனுக்கு அவ்வளவு மரியாதை போதும் என்பது என் கட்சி.

ஏனோக்கு போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டுக்காரன். விவசாயி மகன். மீசை சரியாக முளைக்காத வயதில் அமெரிக்காவின் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அப்பாவின் உழவுக் குதிரையை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனான். வர்ஜீனியாவில் சேற்றிலும் பனியிலும் நடந்தான். ஒரு சண்டையில் இடது கையில் இரண்டு விரல் போனது. அதற்கப்புறம் திரும்பி வந்து அதே நிலத்தில் ஏர் பிடித்தான். உருளைக்கிழங்கும் பீச் பழமும் போட்டான். கல்யாணம் செய்தான். பிள்ளை பெற்றான். நரைத்தான். செத்தான்.

ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன். இவர் வருடக்கணக்காக அதைப் புத்தகமாக எழுதிக்கொண்டும், எனக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்.

மோர் கொடுத்திருந்தால்

ஒரு நாள் நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். நண்டு வாங்க நான் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஐசலின் வரை பக்கத்து வீட்டு ஆன்ட்டி காரில் தொற்றிக்கொண்டு போய்வந்தேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பெருமூச்சு விட்டார்.

"பாவம் பிரகாசி. சாகுற வரைக்கும் அவனுக்கு வயித்துப்போக்கு."

"யாருக்கு?"

"ஈனோக்குக்குத்தான். ஆர்மில புடிச்சது. விடவே இல்ல. பென்ஷனுக்கு அப்ளை பண்ணும்போதுகூட அதத்தான் சொல்லிருக்கான். அந்த வார்ல குண்டு பட்டுச் செத்தவன விட இந்த மாதிரி நோய்ல செத்தவன்தான் ஜாஸ்தி."

"சாப்பாட்டுல கைய வச்சிட்டுப் பேசுத பேச்சா இது?"

அவர் காதில் விழவில்லை. "மோர் குடுத்திருந்தா கேட்டிருக்குமோ?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னால் "கிச்சன் டிராயர்ல டேப்லெட் இருக்கு பாரு" என்பார். அந்த மனிதர், என்றைக்கோ மண்ணாகிப்போனவனுக்கு மோர் கரைத்துக் கொடுக்க ஏங்கினார்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிற பெண்பிள்ளை என்றால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம். மீசை வைத்த, விரல் போன, செத்துப்போன ஒரு வெள்ளைக்கார விவசாயியிடம் போய் என்ன கேட்பது?

இரண்டு விரல் இல்லாமல் ஏனோக்கு எப்படிப் பால் கறந்திருப்பான் என்று ஒரு நாள் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எனக்கு நடித்துக் காட்டினார். மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக்கொண்டு, மூன்று விரலால் துண்டைப் பிழிந்தார். "பாரு, கிரிப் கிடைக்காது. கட்டை விரலுக்கு எவ்வளவு வலி இருந்திருக்கும்." எனக்குத் தோள் இறுகிப்போய், தலை பின்ன முடியாமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்திருக்கிறேன். எந்தத் தோள் என்று கேட்டால் இவருக்கு இன்றைக்கும் தெரியாது.

வண்டு பொறுக்கியது யார்

ஹானாவைப் பற்றி இவர் சொன்னது குறைவு. நானாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதுதான்.

மார்கரெட் மூன்றாவது பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். பக்கத்துப் பண்ணையில் அடுப்படி வேலைக்கு இருந்தவள் ஹானா. வருடம் திரும்புவதற்குள் அவளை ஏனோக்கு கட்டிக்கொண்டான்.

அவ்வளவுதான் ஹானா. அதற்கப்புறம் இவர் கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது. "ஃபேமிலி" என்று ஆகிவிடுவாள்.

உருளைக்கிழங்குச் செடியில் மஞ்சள் வண்டு விழுந்ததாம். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட வண்டு. இலையைத் தின்று தண்டை மட்டும் விட்டுவைக்குமாம். "ஈனோக் விடல. ஒவ்வொரு செடியா பாத்து, வண்டப் பொறுக்கி மண்ணெண்ணெய் டின்ல போட்டு, காட்டையே காப்பாத்திட்டான்," என்றார் இவர் பெருமையாக.

"அவனா பொறுக்கினான்? விரலு இல்லாத கையி வச்சிட்டு?"

"ஃபேமிலி ஹெல்ப் பண்ணிருப்பாங்க."

"ஃபேமிலின்னா யாரு? மார்கரெட்டா எந்திச்சு வந்து பொறுக்கினா?"

"இப்ப எதுக்கு டென்ஷன் ஆகுற?"

நான் டென்ஷன் ஆகவில்லை. வெயிலில் குனிந்து, முந்தித் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவளின் முதுகு எனக்குத் தெரிந்தது. முந்தி எங்கே அவளுக்கு, கவுன்தான். ஆனாலும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒரே ஒரு கேள்வி

நான் எட்டாவதோடு நின்றவள். தூத்துக்குடியில் சிஸ்டர்கள் நடத்திய ஒரு ஹாஸ்டலில் சமையலுக்கு இருந்தேன். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரிய சிஸ்டர் கூப்பிட்டு, அமெரிக்காவிலிருந்து ஒருத்தர் வந்திருக்கிறார், மனைவி இறந்துவிட்டாள், சின்னப் பெண் குழந்தை இருக்கிறது, நல்ல குடும்பம் என்றார். வரவேற்பறையில் மின்விசிறிக்குக் கீழே இவர் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குழந்தைங்கன்னா பிடிக்குமா?"

பிடிக்கும் என்றேன். அதுதான் எங்கள் பெண் பார்க்கும் படலம். எனக்கு வேறு என்னவெல்லாம் பிடிக்கும் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

குழந்தையின் பெயர் நிம்மி. என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். தலை பின்னினேன், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் குளிரில் நின்றேன். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. நிம்மி இப்போது டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் வேலையில் இருக்கிறாள். சிரிக்கும்போது அப்படியே ரீட்டா அக்கா.

ரீட்டா அக்காவின் படம் ஹாலில் இருக்கிறது. இன்ஜினியருக்குப் படித்தவர். பட்டம் வாங்கின படம். அவருக்கு வயதே ஆவதில்லை. கன்னம் அப்படியே, முடி அப்படியே. அந்தப் படத்துக்குத் தூசி தட்டித் தட்டி வயதானது எனக்குத்தான்.

எங்க வைப்பிய

கல்லறைக்குத் திரும்புகிறேன். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டேன். எழுந்து நின்றேன். கேட்டுவிட்டேன்.

"என்ன எங்க வைப்பிய?"

"என்னது?"

"இங்க நீங்க ரெண்டு பேரும் இருப்பிய. எடமெல்லாம் ரெடியா இருக்கு. என்ன எங்க வைப்பியன்னு கேக்கேன்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"கல்லறைத் திருநாள்ல இதப் பேசாம கிறிஸ்மஸ் கேக்கப் பத்தியா பேசச் சொல்லுதிய?"

காபிக் கோப்பையை பிளாஸ்கில் திருகி மூடினார். மெதுவாக மூடினார். பதில் இல்லாதபோது இவர் எதையாவது மெதுவாக மூடுவார். கடைசியில், "அதெல்லாம் நிம்மி பாத்துப்பா," என்றார்.

மெழுகுவர்த்தியை ஏற்றினேன். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன். ஊரில் என்றால் சாயங்காலம் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளிப்பார், சாம்பிராணிப் புகையில் மொத்த இடமும் மூச்சு முட்டும், யார் யாருக்கு யார் அழுகிறார்கள் என்றே தெரியாது. இங்கே நாங்கள் இரண்டு பேர். கொஞ்ச தூரத்தில் சாமந்திப் பூத்தொட்டியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நான் போனபின் என் கல்லை யார் கழுவுவார்கள் என்பது கூட அப்புறம். கழுவ ஒரு கல் இருக்குமா?

எனக்குக் கவலைப்படுவது தொழில் மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு கராஜ் வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பேன். விமானம் பறந்தால் விழுமோ என்பேன். இவர் சிரிப்பார். ஆனால் இந்தக் கவலைக்கு எழுந்து போய்ப் பார்க்க ஒரு அடுப்புகூட இல்லை.

ஊருக்குப் போய்விடுவேனாம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நிம்மி வீடியோவில் வந்தாள். இவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"நிம்மி, எனக்கு ஏதும் ஆச்சுன்னா என்ன எங்கம்மா வைப்ப?"

"சித்தி, ஆர் யூ ஓகே? டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"டாக்டரெல்லாம் ஒண்ணும் சொல்லல. சும்மா கேக்கேன். அப்பாக்கு அம்மா பக்கத்துல எடம் இருக்கு. எனக்கு?"

திரையில் அவள் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. இன்டர்நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"ஐ ஆல்வேஸ் தாட் யூ வுட் கோ பேக் ஹோம், சித்தி."

நான் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவேன் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அப்பா போனபிறகு. வேலை முடிந்தபிறகு என்று அவள் சொல்லவில்லை. நல்ல பிள்ளை, அப்படி நினைக்கவும் மாட்டாள். ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இருந்த ஒரு அண்ணன் வீட்டையும் விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டான். நான் ஊரில் வாழ்ந்த வருடங்களைவிட இந்த நியூ ஜெர்சியில் வாழ்ந்தது அதிகமாகிவிட்டது.

"டிட் ஐ சே சம்திங் ராங்?" என்றாள் நிம்மி.

"இல்லம்மா. சாப்பிட்டியா?" என்றேன்.

இப்போது ஹானாவும்

இவருக்கு நான் கேட்டது உறைத்துவிட்டது என்பது மறுவாரம் தெரிந்தது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பழைய சர்ச்சுகளின் பெயர்கள்.

"என்ன தேடுதிய?"

"ஹானாவ. நீ கேட்டது கரெக்ட். ஈனோக் போனப்புறம் கொஞ்ச வருஷம் விடோ பென்ஷன் வாங்கிருக்கா. அதுக்கப்புறம் ட்ரேஸே இல்ல. எங்கயாவது புதைச்சிருக்கணும்ல."

உயிரோடு பக்கத்தில் நிற்கிறவள், என்னை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். அதற்கு இந்த மனிதர், செத்துப்போன ஹானாவை எங்கே வைத்தார்கள் என்று தேடப் புறப்பட்டுவிட்டார்.

சனிக்கிழமைதோறும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் கவுன்டிகளில் இடிந்த சர்ச்சுகளுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டங்களில், முட்செடியை விலக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, தேய்ந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தார். பேன்ட்டில் ஒட்டுமுள் ஒட்டியிருக்கும். நான் உட்கார்ந்து பொறுக்குவேன்.

"இன்னைக்கி ஒரு ஹானா கிடைச்சா. ஆனா வேற ஹானா," என்பார் சோர்ந்துபோய்.

அதுவரை ஹானா எனக்குச் சொந்தக்காரி மாதிரி இருந்தாள். அவளுக்காக நான்தான் பேசினேன். இப்போது அவளையும் இவர் எடுத்துக்கொண்டார். கட்டின புருஷன் முள்ளில் கையைக் கீறிக்கொண்டு ஒருத்தியைத் தேடுகிறார் என்றால், அவள் யாராக இருந்தாலும் பெண்டாட்டிக்கு வயிறு எரியத்தான் செய்யும். மார்கரெட் மேல் பொறாமை. ரீட்டா அக்கா மேல் பொறாமை. கடைசியில் கல்லே இல்லாத ஹானா மேலும் பொறாமைப்பட வைத்துவிட்டார்.

டோனாவின் வரைபடம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானே கிளம்பினேன். ஹைவே என்றால் எனக்கு உயிர் போய்விடும். உள் ரோடுகளிலேயே உருட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆபீசில் டோனா என்றொரு பெண்மணி. என் வயது இருக்கும். கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என் இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கி வருவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோட்டத்தின் வரைபடத்தை விரித்து, பென்சிலால் ரீட்டா அக்காவின் இடத்தைக் காட்டினார்.

அங்கே இரண்டு பேருக்குத்தான் உரிமை. மூன்றாவது ஆளுக்கு முழு இடம் கிடையாது. ஆனால் எரித்துச் சாம்பலாகக் கொண்டுவந்தால், காலடியில் ஒரு சின்னப் பெட்டியில் வைக்க அனுமதி உண்டு. நல்ல மனதோடுதான் சொன்னார். நிறையக் குடும்பங்கள் அப்படிச் செய்கிறார்கள் என்றார்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை எரித்துப் பார்த்ததில்லை. அதுகூடப் பெரிதில்லை. அவர்கள் இரண்டு பேரும் கால் நீட்டிப் படுத்திருக்க, நான் காலடியில் ஊறுகாய் ஜாடி மாதிரி இருப்பதை நினைத்துப் பார்த்தேன். இருக்கிறவரைக்கும் அப்படி இருந்தாகிவிட்டது. போனபிறகுமா?

"நோ," என்றேன். "புதுசு. ஒன் பெர்சன்."

டோனா கோல்ஃப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதுப் பகுதியைக் காட்டினார். நான் கேட்ட கேள்விகளுக்கு அவர் என்னை வழியிலேயே இறக்கிவிட்டிருக்கலாம். மழை பெய்தால் தண்ணீர் தேங்குமா? பனி தள்ளுகிற வண்டி இதன்மேல் கொண்டுவந்து குவிக்குமா? இந்த மரத்தின் வேர் உள்ளே வருமா? வாத்துக் கூட்டம் வந்து அசிங்கம் பண்ணுமா?

"வாத்து நியூ ஜெர்சி முழுக்க அசிங்கம் பண்ணும், ஹனி," என்றார் டோனா. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வரிசையின் ஓரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பிடித்தேன். கழுவுகிறவர்களுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை இருக்காது. அங்கிருந்து ரயில் போகிற சத்தமும் லேசாகக் கேட்டது. அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நான் சம்பாதித்ததிலிருந்தே முன்பணம் கட்டிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, அதிசயம், வண்டி ஓட்டப் பயமே இல்லை.

பக்கத்து இடம்

அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் இவர் திரும்பி வந்து, காலணியை வாசலில் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"ஹானா கிடைக்க மாட்டா பிரகாசி. அவ அக்கா வீட்டுக்கு பென்சில்வேனியா பக்கம் போயிருக்கலாம்னு சொல்றாங்க. கல்லே வச்சிருக்க மாட்டாங்க போல."

சோறு வைத்தேன். மீன் வைத்தேன். சொன்னேன்.

"எனக்கு எடம் பாத்துட்டேன்."

"எந்த எடம்?"

"ரீட்டா அக்கா இருக்க அதே தோட்டந்தான். புதுப்பக்கம். கொழாய்க்கிட்ட. அட்வான்ஸும் குடுத்தாச்சி."

கை சோற்றில் இருந்தது. எடுக்கவும் இல்லை, பிசையவும் இல்லை.

"என்கிட்ட கேக்கவே இல்லையே."

"ஒங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன்."

மூடி வைக்க எதையோ தேடுகிற மாதிரி மேசையைப் பார்த்தார். கைக்கு எதுவும் எட்டவில்லை.

"தனியாவா?" என்றார்.

"தனியாத்தான். ஒரு ஆளுக்கு."

"பக்கத்துல யாரு?"

"ஒரு பக்கம் கொழாய். இன்னொரு பக்கம் காலி. சீக்கிரம் போயிரும்னு டோனா சொல்லுதா."

"டோனா யாரு?"

"எனக்குத் தெரிஞ்சவ."

இவர் முகத்தில் ஒன்று வந்தது பாருங்கள். ஹாலில் படத்துக்குத் தூசி தட்டும்போது என் முகத்தில் என்ன இருக்கும் என்று நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. அன்றைக்கு எதிரே பார்த்தேன்.

"அந்தக் காலி எடத்த யாராவது கேட்டிருக்காங்களா?"

"நீங்க ஏன் கேக்கிய? ஒங்களுக்குத்தான் எடம் இருக்குல்லா. பேரெல்லாம் வெட்டி, வருசா வருசம் நானே கழுவிப் போட்டு வச்சிருக்கேன்."

மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"பேரு அங்க இருக்கட்டும்," என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி சொன்னார். "பேரு அங்க இருக்கட்டும் பிரகாசி. அந்தக் காலி எடத்த எனக்குக் கேட்டு வையேன்."

அந்த 'குழந்தைங்கன்னா பிடிக்குமா'வுக்கு அப்புறம், இத்தனை வருடத்தில் இவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம். உடனே சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். ரீட்டா அக்கா பாவமில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. அதைவிட முந்தி வேறொன்று தோன்றியது. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இவருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

"யோசிச்சிச் சொல்லுதேன்," என்றேன்.

நேற்று டோனா போன் செய்தார். அந்தப் பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டார். நிறுத்தி வையுங்கள் என்றேன். யார் பெயரில் என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

பக்கத்து அறையில் இவர் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.